எல்லையோரத்தில் இடம் வாங்கும் முன்: மொத்தச் செலவையும் கடன் வழிகளையும் எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார். எந்தச் செக்போஸ்ட் பக்கம் போனாலும் இடம் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது சென்ட் விலையைத்தான். "ஏனுங்க, அந்தப் பக்கத்தை விட இங்க சென்ட்டுக்கு ஐம்பதாயிரம் கம்மிங்க" என்று புரோக்கர் சொன்னதும் பாதி முடிவு எடுத்தாகிவிடுகிறது. கொழிஞ்சாம்பாறையிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கால் கேரளத்தில், ஒரு கால் பொள்ளாச்சியிலோ கோவையிலோ. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருப்பதால் சொத்தும் இரண்டு பக்கமும் தேடுகிறோம். ஆனால் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் பதிவுச் செலவு மாறுகிறது, நிலத்தின் வகை மாறுகிறது, வங்கி கேட்கும் காகிதம் மாறுகிறது, அதே தோப்பில் வரும் வருமானம்கூட மாறுகிறது.

அதனால் சென்ட் விலையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே எண்களைக் கண்டுபிடியுங்கள். ஒன்று, சாவி கைக்கு வரும் நாளுக்குள் உங்கள் கையை விட்டுப் போகும் மொத்தப் பணம். இன்னொன்று, அதற்குப் பிறகு மாதாமாதம் எவ்வளவு துண்டு விழும் என்பது. இந்த இரண்டும் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு எண்களைச் சரியாகப் போடுவதற்கான வழிதான்.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள்?

வாடகைக்கா, விலை ஏறினால் விற்கவா, விவசாயத்துக்கா, பிள்ளைகளுக்கு வைக்கவா? ஒரே ஒரு பதில் எழுதுங்கள். வாடகைக்கு என்றால் மாத வரவு முக்கியம். ஏற்றி விற்க என்றால் எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்பது முக்கியம். "எல்லாத்துக்கும்தான்" என்று சொல்லி வாங்கிய இடங்கள்தான் பெரும்பாலும் வாடகையும் இல்லாமல், விற்கவும் முடியாமல் வருடக்கணக்கில் கிடக்கின்றன.

படி 2: நிலத்தின் வகையைப் பாருங்கள், கடன் அதைப் பொறுத்தே கிடைக்கும்

எந்தக் கடன் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பதை உங்கள் சம்பளத்துக்கு முன்னால் நிலத்தின் வகையே தீர்மானித்துவிடும். அதனால் வட்டி வீதம் விசாரிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

கேரளப் பக்கம் கரம், அதாவது நில வரி கட்டிய ரசீதைக் கையில் வாங்குங்கள். அதில் தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸில் உரிமையாளர் பெயரில் உள்ள நிலக் கணக்கு எண்), சர்வே எண், பரப்பு எல்லாம் இருக்கும். பரப்பு ஆர் கணக்கில் இருக்கும். ஒரு ஆர் என்றால் ஏறக்குறைய 2.47 சென்ட். வகை என்ற இடத்தில் 'புரயிடம்' என்று இருந்தால் வீடு கட்ட, கடன் வாங்கப் பெரிய சிக்கல் இருக்காது. 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல் வகை. கண்ணால் பார்க்கும்போது அங்கே தென்னை நிற்கலாம், மண் கொட்டி மேடாக்கியிருக்கலாம், பக்கத்தில் நாலு வீடு கூட இருக்கலாம். அதெல்லாம் கணக்கில் வராது. 2008-ல் வந்த கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஊருக்கும் டேட்டா பேங்க் என்று ஒரு நெல்வயல், நீர்நிலப் பட்டியல் இருக்கிறது. அதில் அந்த சர்வே எண் இருந்தால் வகை மாற்றுவது மிகக் கடினம். பட்டியலில் இல்லை என்றால் விண்ணப்பித்து மாற்றலாம். அதற்கு அரசு வைத்த நியாய விலையைக் கணக்கு வைத்துக் கட்டணம் கேட்கக்கூடும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். "நான் மாத்திக் குடுத்துடறேன்" என்று விற்பவர் சொன்னால், மாற்றிக் கொடுத்த பிறகு பதிவு என்று அக்ரிமெண்டில் எழுதுங்கள். வாய்ப்பேச்சை நம்பி மலிவு விலைக்கு வாங்கினால் வங்கியும் வராது, பஞ்சாயத்தில் கட்டட அனுமதியும் வராது.

தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மனையாக இருந்தால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு அங்கீகாரம் இல்லாமல் பிரித்த மனையைப் பதிவதே சிக்கல், கடன் அதற்கு அப்புறம்தான். மதுக்கரை, பேரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவைப்படும். யானை வரும் பாதையை ஒட்டிய இடம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அந்த மலிவுக்கு அதுதான் காரணம்.

தோப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. சித்தூர் தாலுகா கேரளம் முழுக்கக் கள்ளு அனுப்பும் பகுதி. தென்னையைக் கள்ளுக்குக் குத்தகைக்கு விட்டால் தேங்காய் வருமானத்தோடு அதுவும் சேரும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. ஆக, செக்போஸ்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே வயசு மரம், ஒரே மண் என்றாலும் வருமானக் கணக்கு வேறு. அதோடு, இந்தக் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பகுதி. வளமான கேரளம் என்ற நினைப்பில் வராதீர்கள். போர்வெல் எத்தனை அடி, கோடையில் எவ்வளவு நேரம் மோட்டார் ஓடும் என்று ஏப்ரல், மே மாதத்தில் நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் லாரி வாங்கும் தோப்பு முதலீடு ஆகாது.

இன்னொன்று, வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளை பெயரில் தோப்பு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வாரிசுச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

படி 3: விலைக்கு மேல் எவ்வளவு போகும்?

கேரளத்தில் முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 10. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் மாற்றுவரியும் சேர்த்து 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சின்ன மனை வாங்குகிற குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சதவீதம் எதன் மேல்? கேரளத்தில் அரசு வைத்த நியாய விலை, தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு, அல்லது நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை. இவற்றில் எது அதிகமோ அதன் மேல். இங்கேதான் பழைய பழக்கம் ஒன்று குறுக்கே வரும். "ஆதாரத்துல கம்மியாப் போட்டுக்கலாம், செலவு மிச்சம்" என்பார்கள். ஆதாரம் என்றால் கேரளப் பக்கம் கிரயப் பத்திரம். மிச்சமாவது ஒரு லட்சம் என்றால் அதில் போவது என்னவென்று பாருங்கள். வங்கி பத்திர மதிப்பையும் தன் மதிப்பீட்டாளர் சொல்வதையும் ஒப்பிட்டுக் குறைந்ததன் மேல்தான் கடன் தரும். அங்கே கடன் சுருங்கும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகப் பதிவாகியிருப்பதால் லாபம் பெரிதாகத் தெரியும், வரி கூடும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உண்மை விலையைப் போட்டுப் பதிவதுதான் கணக்கிலும் லாபம்.

பிறகு சில்லறைச் செலவுகள். ஆதாரம் எழுதுகிறவர் கூலி, வக்கீல் சட்டக் கருத்து, புரோக்கர் கமிஷன் ஒன்றோ இரண்டோ சதவீதம், சர்வேயர், வங்கியின் பரிசீலனைக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், அடமான ஆவணத்துக்கான செலவு. கட்டிக்கொண்டிருக்கும் பிளாட் என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி. 45 லட்சத்துக்கு உட்பட்ட, அளவு வரம்புக்குள் வரும் வீடு என்றால் 1 சதவீதம். கட்டுமான முடிவுச் சான்று வாங்கிய வீட்டுக்கும் வெறும் மனைக்கும் ஜிஎஸ்டி இல்லை. பழைய வீடு என்றால் ரிப்பேருக்கு ஒரு தொகையைக் கட்டாயம் எழுதுங்கள். ஒயரிங், கூரைக் கசிவு, கிணறு தூர்வாருதல் என்று ஏதாவது ஒன்று காத்திருக்கும்.

படி 4: ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம்

கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு பழைய வீடு, 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்பேட்டை இருக்கிறது, ஐஐடி இருக்கிறது, வாடகைக்கு ஆள் கிடைக்கும் என்பது யோசனை. விலையும் வாடகையும் உதாரணத்துக்கு நான் போட்டவை. உங்கள் எண்ணை வைத்து இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

வங்கிக் கடன் 30 லட்சம். கைக்காசு 10 லட்சம். பதிவுக்கு 4 லட்சம். கமிஷன் 40,000. வக்கீல், ஆதாரம் எழுத்து 25,000. வங்கிச் செலவு 20,000. ரிப்பேர் ஒன்றரை லட்சம். கூட்டினால் சாவி வாங்கும்போது உங்கள் பணம் 16 லட்சத்து 35 ஆயிரம் போயிருக்கும். "பத்து லட்சம் கையில் இருக்கு, மீதி லோன்" என்று கிளம்புகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மீதி 6 லட்சத்தைக் கடைசி வாரத்தில் எங்கிருந்து புரட்டுவார்கள்? நகை, கைமாற்று, ரெண்டு வட்டி.

அடுத்தது மாதக் கணக்கு. 30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 26,035 ரூபாய். வாடகை 12,000 என்று வையுங்கள். வருடத்துக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று கழித்தால் மாதத்துக்கு 11,000. வரி, பெயின்ட், பைப் ரிப்பேர் என்று 1,500 போனால் 9,500. தவணைக்கும் இதற்கும் நடுவே 16,535 ரூபாய் துண்டு விழுகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம். இதை உங்கள் சம்பளம் தாங்குமா, தாங்கினாலும் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஐந்து வருடம் கழித்து விற்பதாக வைத்துக்கொள்வோம். அதுவரை கைக்காசாகப் போனது 16.35 லட்சமும் மாதத் துண்டு 9.92 லட்சமும், ஆக 26.27 லட்சம். இவ்வளவு கட்டியும் கடன் பாக்கி 26.4 லட்சம் நிற்கும், ஏனென்றால் முதல் வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. விற்கும் கமிஷனையும் சேர்த்தால், போட்ட காசு மட்டும் வட்டியில்லாமல் திரும்பி வரவே வீடு 53 லட்சத்துக்கு மேல் போக வேண்டும். அதாவது வருடத்துக்கு 6 சதவீதத்தை ஒட்டி விலை ஏற வேண்டும். அதே பணத்தை 7 சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் வந்திருக்கும் தொகைக்குச் சமமாக வர, வீட்டின் விலை 62 லட்சத்தைத் தொட வேண்டும்; வருடத்துக்கு 9 சதவீதம். வாடகை கூடுவதையும் வரியையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது.

வாங்காதீர்கள் என்று சொல்ல இந்தக் கணக்கைப் போடவில்லை. 15 லட்சம் மட்டும் கடன் வாங்கினால் தவணை 13,017, துண்டு 3,517 தான். அப்போது ஒரு வருடம் சந்தை படுத்தாலும் நீங்கள் தூங்கலாம். கடன் அளவை மாற்றி மாற்றிப் போட்டு, உங்கள் குடும்பம் சிரமமில்லாமல் சுமக்கும் துண்டு எது என்று கண்டுபிடியுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் உங்களுக்கு ஏற்ற வீட்டு விலை தானாகத் தெரியும்.

கஞ்சிக்கோடு, புதுசேரிப் பக்கம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். பாலக்காடு தொழில் நகரத்துக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்தி வெளிவந்ததுமே விற்பவர்கள் விலையில் அதைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆலை வந்து, ஆள் வந்து, வாடகை ஏறுவதற்கு வருடங்கள் ஆகும். அந்த இடைக்காலத் துண்டைச் சுமப்பது வாங்கியவர்தான். கணக்குப் போடும்போது இன்றைய வாடகையை மட்டும் எடுங்கள்.

படி 5: எந்தக் கடன், எதற்கு?

முதலில் வட்டியை ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். நம் ஊரில் நூற்றுக்கு மாதம் இவ்வளவு என்று பேசுவோம். 75 பைசா வட்டி என்றால் வருடத்துக்கு 9 சதவீதம். ஒரு ரூபாய் என்றால் 12. ரெண்டு வட்டி 24. எல்லா வழிகளையும் வருடச் சதவீதமாக்கி ஒரே தாளில் எழுதிய பிறகுதான் ஒப்பிட முடியும்.

*வீட்டுக் கடன்.* எல்லாவற்றிலும் வட்டி குறைவு, காலம் நீளம். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80. அதற்கு மேல் 75. அந்த மதிப்பில் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேராது, 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகள் மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் மேலே அந்த 4 லட்சத்தைக் கைக்காசில் எழுதினேன். தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. கொப்பரை விற்ற பணம், போனஸ், சீட்டுப் பணம் எது வந்தாலும் அசலில் கட்டிக்கொண்டே வரலாம். 20 வருடத்துக்குப் பதில் 15 வருடம் என்று எடுத்தால் 30 லட்சத்துக்குத் தவணை 3,500 ரூபாய் போலத்தான் கூடும். மொத்த வட்டியில் 9 லட்சத்துக்கு மேல் குறையும். முடிகிறவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும்.

கடன் கையெழுத்துப் போடும் நாளில் ஒற்றைப் பிரீமியம் காப்பீடு ஒன்றை நீட்டி, அந்தத் தொகையைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். குடும்பத்துக்கு ஆயுள் காப்பீடு அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைத் தனியாக, டெர்ம் பாலிசியாக எடுத்தால் அந்தப் பிரீமியத்துக்கும் 20 வருடம் வட்டி கட்ட வேண்டியதில்லை. "கட்டாயம்" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

கேரளச் சொத்துக்கு வங்கி கேட்பவை: ஆதாரம், முன்னாதாரம் (அதற்கு முந்தைய பத்திரம்), கரம் ரசீது, கைவசச் சான்று, லொகேஷன் ஸ்கெட்ச், குடிக்கிடச் சான்று (வில்லங்கச் சான்று). இதில் கைவசச் சான்றும் ஸ்கெட்சும் வில்லேஜ் ஆபீஸிலிருந்து வர வேண்டும். விற்பவர் பெயரில் போக்குவரவு (வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றம்) ஆகாமல் கிடந்தால் அங்கேயே நின்றுவிடும். கோவையில் சம்பளக் கணக்கு இருக்கிறது என்பதற்காக அங்குள்ள கிளை கொழிஞ்சாம்பாறைச் சொத்துக்குக் கடன் தரும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சொத்துக்குப் பக்கத்துக் கிளையின் வக்கீலும் மதிப்பீட்டாளரும்தான் பார்ப்பார்கள். காகிதங்கள் மலையாளத்தில் இருக்கும். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவரை வைத்து வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள்.

*மனைக் கடன்.* அங்கீகரித்த வீட்டு மனைக்கு மட்டும். மதிப்பில் கிடைக்கும் பங்கு வீட்டுக் கடனை விடக் குறைவு, காலமும் குறைவு. வீடு கட்டாத வரை வரிச் சலுகையும் இல்லை. ஓரிரு வருடத்தில் கட்டும் எண்ணம் இருந்தால் மனையும் கட்டுமானமும் சேர்ந்த கடனைக் கேளுங்கள். வெறும் மனையைப் பத்து வருடம் கடனில் வைத்திருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், வாடகை என்ற வரவே இல்லாமல் முழுத் தவணையும் துண்டுதான்.

*இருக்கும் சொத்தை அடமானம் வைத்துக் கடன்.* தோப்பு வாங்கப் பலர் இந்த வழியில் போகிறார்கள், ஏனென்றால் தோப்புக்கு வீட்டுக் கடன் கிடைக்காது. வட்டி வீட்டுக் கடனை விடக் கூடுதல். குடியிருக்கும் வீட்டை வைத்துத் தோப்பு வாங்கினால், தேங்காய் விலை விழும் வருடத்தில் ஆபத்து வீட்டுக்கு வருகிறது. தோப்பு வருமானம் இல்லாமலே அந்தத் தவணையைக் கட்ட முடியும் என்றால் மட்டும் போங்கள்.

*நகைக் கடன்.* பாலக்காட்டில் நகைக் கடன் கடை இல்லாத கவலை இல்லை. வேகமாகக் கிடைக்கும், காகிதம் குறைவு. பதிவுச் செலவில் ஒன்றிரண்டு லட்சம் குறையும்போது, ஆறு மாதத்தில் அடைக்கும் வழி கண்ணுக்குத் தெரிந்தால் நல்ல கருவி. பத்து வருட முதலீட்டுக்கு ஒரு வருடக் கடனை வைத்து ஓட்டுவது தவறு. ஒவ்வொரு வருடமும் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும், ஒரு வருடம் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

*சிட்டி, அதாவது ஏலச் சீட்டு.* கேரளத்தில் 1969-லிருந்து அரசு நிறுவனமான கேஎஸ்எஃப்இ (கேரள ஸ்டேட் ஃபைனான்ஷியல் எண்டர்பிரைசஸ்) நடத்தும் சீட்டு இந்தப் பகுதி மக்களுக்குப் பழக்கமானது. கணக்கு எப்படி என்று பார்ப்போம். 10 லட்சம் சீட்டு, மாதம் 20,000, 50 மாதம். ஐந்தாவது மாதம் 30 சதவீதம் தள்ளி எடுத்தால் கைக்கு 7 லட்சம். அதுவரை லாபக்கழிவு போக மாதம் 15,000 வீதம் கட்டியிருப்பீர்கள். மீதி 45 மாதம் சராசரி 17,000 கட்டுவதாக வையுங்கள். இதை வட்டியாக மாற்றினால் வருடத்துக்கு 11 சதவீதத்தை ஒட்டி வரும். மோசமில்லை, ஆனால் வீட்டுக் கடனை விட அதிகம். இரண்டு விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். ஏலம் உங்களுக்கு எந்த மாதம் விழும் என்று சொல்ல முடியாது, அதனால் பதிவுத் தேதியைச் சீட்டை நம்பி வைக்கக் கூடாது. எடுத்த பணம் கைக்கு வர ஜாமீன் கொடுக்க வேண்டும், அதற்கும் நாளாகும். என்னைக் கேட்டால், இரண்டு மூன்று வருடம் முன்பே சேர்ந்து கடைசிப் பக்கம் எடுத்து, கைக்காசுக்குப் பயன்படுத்துவதே சீட்டின் நல்ல உபயோகம். பதிவு செய்யாத ஊர்ச் சீட்டில் வீட்டுப் பணத்தைப் போடாதீர்கள்.

*கைமாற்றும் கந்துவட்டியும்.* சொந்தக்காரர்களிடம் வாங்கினால் தொகை, திருப்பும் தேதி எழுதி, வங்கி வழியாக வாங்குங்கள். மாமனாராக இருந்தாலும் சரி. பிளேடுக்காரர்கள் என்கிற கந்துவட்டிக்காரர்கள் பக்கம் போகவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, கேரளத்தில் 2014-ல் ஆபரேஷன் குபேரா என்ற பெயரில் போலீஸ் வேட்டையே நடந்தது. அவ்வளவு குடும்பங்கள் அதில் அழிந்திருக்கின்றன. 24, 36 சதவீத வட்டியைத் தாண்டி லாபம் தரும் நிலம் இந்த எல்லையில் இல்லை.

படி 6: வட்டி ஏறினால்?

2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி வீதம்) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மேயில் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம். 7 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 23,259. அதே கடன் 9.5 சதவீதம் ஆனால் 30 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 23,750. முழுத் தவணையும் வட்டிக்கே போதாது. அசல் குறையாத முதல் வருடங்களில் இது நடந்தால் காலம் முப்பது வருடத்தையும் தாண்டி ஓடும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது: வட்டி திருத்தும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் காலம் தானாக நீண்டுவிடலாம். தவணையைக் கூட்டச் சொல்லுங்கள்.

ஆகவே கடன் எடுக்கும் முன்பே, இன்றைய வட்டியோடு 2 சதவீதம் கூட்டி ஒரு தவணை போட்டுப் பாருங்கள். நம் உதாரணத்தில் 8.5 என்பது 10.5 ஆனால் 26,035 என்பது 29,951 ஆகும். அதுவும் தாங்கும் என்றால் சரி. இல்லையென்றால் கடனைக் குறையுங்கள், அல்லது சின்ன வீடு பாருங்கள். ஆறு மாதத் தவணை தனியாக ஒரு டெபாசிட்டில் இருக்கட்டும். வாடகைக்காரர் காலி செய்துவிட்டுப் போகும் மாதத்தில் அந்தப் பணம்தான் உங்களைக் காப்பாற்றும்.

படி 7: அட்வான்ஸ் கொடுக்கும்போது

வங்கி வக்கீலின் கருத்து வரும்வரை பெரிய தொகை கொடுக்காதீர்கள். அக்ரிமெண்டில் மூன்று வரிகள் கட்டாயம்: காகிதக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும், விற்பவரின் பழைய கடனை எப்போது, எந்தப் பணத்தில் அடைப்பது, அளந்து பார்த்துப் பரப்பு குறைந்தால் விலையும் குறையும். தமிழ்நாட்டில் கிரய அக்ரிமெண்டைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத தாளை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பது கடினம். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் பவர் கொடுத்திருக்கிறார் என்றால், அந்தப் பவர் இன்னும் செல்லுபடியாகிறதா என்று உரிமையாளரிடமே வீடியோ காலில் பேசுங்கள். பவரை வைத்து மட்டும் சொத்து கைமாறாது, முறையான கிரயம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

படி 8: வரி

விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது, பிடிக்க வேண்டிய வீதமும் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் பொறுப்பு உங்கள் தலையில். வளைகுடாக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் இதை மறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். பதிவுக்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

வாடகையில் பராமரிப்புக்காக 30 சதவீதம் கழித்துத்தான் வரி. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய சொத்துக்கு லாபத்தில் 12.5 சதவீதம், பணவீக்கக் கழிவு இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்துக்கு இந்த மூலதன ஆதாய வரி வராது. தோப்பு வாங்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். தூரத்தைப் புரோக்கர் வாயால் கேட்காமல் ஆவணமாக வாங்கி வையுங்கள்.

படி 9: பதிவு முடிந்த பிறகு

கேரளத்தில் போக்குவரவு செய்து உங்கள் பெயரில் கரம் கட்டுங்கள். தமிழ்நாட்டில் பட்டா மாறியதா என்று பாருங்கள். உட்பிரிவு தேவைப்படும் இடத்தில் சர்வேயர் வந்து அளந்தால்தான் மாறும், விட்டுவிட்டால் வருடக்கணக்கில் பழைய பெயரிலேயே கிடக்கும். மின் இணைப்பு, வீட்டு வரி, தண்ணீர் இணைப்பு மூன்றையும் அதே மாதத்தில் பெயர் மாற்றுங்கள்.

வங்கியிடம் கொடுத்த மூலப் பத்திரங்களின் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்கி, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். கடனை அடைத்த பிறகு 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் அடமானத்தை ரத்து செய்யும் ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் நீங்கியதாக அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.